செலவும் மகிழ்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சம்பாதித்ததை எப்படிச் செலவழித்தால் மனம் நிறையும் என்று கேட்டால் மட்டும், ‘அது அவரவர் விருப்பம்’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். விருப்பம்தான். ஆனால் அந்த விருப்பத்தைப் பின்தொடர்ந்து போய், ‘வாங்கினீர்களே, அதற்குப் பிறகு எப்படி இருந்தது?’ என்று கேட்ட ஆய்வுகள் நிறையவே இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டுதான் இந்தப் பதில்கள். எனக்கு உடன்பாடில்லாத இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியுமா, முடியாதா?

முடியும். ‘முடியாது’ என்பதைப் பெரும்பாலும் பணம் இருப்பவர்கள்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சுவையான ஆராய்ச்சி வரலாறு உண்டு. டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்கர்களிடம் திரட்டிய நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்து 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை அதற்கு மேல் மேம்படுவதில்லை என்பது அது. உலகமெங்கும் அந்த எண் பரவியது. 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், கைபேசி வழியாக 33,000க்கும் மேற்பட்டவர்களிடம் பகலில் அவ்வப்போது ‘இந்தக் கணம் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுத் திரட்டிய தகவலில் அப்படி ஒரு உச்சவரம்பே தென்படவில்லை. பொதுவாக இத்தகைய நேரங்களில் அறிஞர்கள் காலமெல்லாம் சண்டை போடுவார்கள். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்துமோ பார்பரா மெல்லர்ஸ் என்ற ஆய்வாளரை நடுவராக வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து, 2023இல் கூட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மிகவும் துன்பத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும், சுமார் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அது நின்றுவிடுகிறது. பிரிவு, மனச்சோர்வு, இழப்பு போன்றவற்றில் ஓர் எல்லைக்கு மேல் பணத்துக்கு வேலை இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் நிறையச் சம்பாதித்தால் போதாதா? செலவழிக்கும் விதத்துக்கு என்ன முக்கியத்துவம்?

வருமானத்தோடு மகிழ்ச்சி ஏறும் விதத்தைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு படி மேலே போகவும் வருமானம் இத்தனை மடங்கு பெருக வேண்டும் என்பதுதான் கணக்கு. இத்தனை ரூபாய் கூட வேண்டும் என்பதல்ல. வருமானத்தை இரட்டிப்பாக்குவது எல்லோர் கையிலும் இல்லை. கையில் இருப்பதைத் திருப்பிவிடுவது அநேகமாக எல்லோராலும் முடியும்.

லாட்டரியில் வென்றவர்கள்கூட ஒரு வருடத்தில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறார்கள் என்கிறார்களே?

1978இல் வந்த ஓர் ஆய்வு அது. அதில் இருந்த வெற்றியாளர்கள் 22 பேர். அதை வைத்துக்கொண்டு மனித இயல்பைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அதிகப்படி. சுவீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லாட்டரி வெற்றியாளர்களைப் பல ஆண்டுகள் கழித்து விசாரித்த ஆய்வு 2020இல் வெளியானது. பெரிய தொகை வென்றவர்கள் தங்கள் வாழ்க்கையைக் குறித்து அதிகத் திருப்தி தெரிவித்தார்கள்; அந்தத் திருப்தி பத்தாண்டுகளுக்கு மேலும் மங்கவில்லை. ஆனாலும் பழைய கதைதான் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பணக்காரர்கள் மகிழ்ச்சியாக இல்லை என்று கேட்பதில் நமக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது போலும்.

புதுப் பொருள் வாங்கிய சந்தோஷம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வடிந்துவிடுகிறது?

பழகிவிடுவதால். புதுக் கைபேசி வந்த முதல் வாரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மேசையில் வைக்கும்போது அடியில் ஒரு துணி. திரையில் விரல் தடம் பட்டால் சட்டை நுனியால் துடைக்கிறோம். ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைக்கூட உரிக்க மனம் வருவதில்லை. மூன்றாம் மாதம் அதே கைபேசி சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடக்கிறது. கீழே விழுந்தால் எடுத்து, திரை ஒளிர்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம். கைபேசி கெட்டுப்போகவில்லை. நாம் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

கடையில் நிற்கும்போது இந்த மூன்றாம் மாதம் நம் கணக்கில் வருவதே இல்லை. பெட்டியைப் பிரிக்கும் நாளை மட்டுமே கற்பனை செய்து விலை கொடுக்கிறோம். ஆகவே எந்தப் பெரிய செலவுக்கும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்து, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் இதனால் என்ன மாறியிருக்கும்? முதுகுவலி தராத நாற்காலி அந்தச் செவ்வாய்க்கிழமையை மாற்றும். கூடத்துக்கு வாங்கும் மூன்றாவது அலங்கார விளக்கு மாற்றாது.

பொருளை வாங்காதே, அனுபவத்தை வாங்கு என்கிறார்களே, அது சரிதானா?

பாதி சரி. லீஃப் வான் போவன், தாமஸ் கிலோவிச் 2003இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்த அறிவுரை பிரபலமானது. ஒரு பொருளுக்குச் செலவழித்ததையும் பயணம், நிகழ்ச்சி போன்ற அனுபவத்துக்குச் செலவழித்ததையும் நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, அனுபவமே அதிக மகிழ்ச்சி தந்ததாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். காரணங்களும் நம்பும்படி இருக்கின்றன. அனுபவத்தைப் பக்கத்துவீட்டாரின் அனுபவத்தோடு ஒப்பிடுவது கடினம். நினைவில் அது மெருகேறுகிறது. கொட்டும் மழையில் பஸ்ஸைத் தவறவிட்ட பயணம் அன்று எரிச்சல். ஐந்து வருடம் கழித்து வீட்டாரின் பிரியமான கதை.

இனி மறுபாதி. 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, வசதியானவர்களுக்குத்தான் அனுபவம் அதிக மகிழ்ச்சி தருகிறது, வசதி குறைந்தவர்களுக்குப் பொருள்களும் அதே அளவு, சில வேளை அதைவிட அதிகமாகவே தருகின்றன என்று காட்டியது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவரிடம் போய் ‘பொருள்மீது பற்று வைக்காதே, மலையேறப் போ’ என்று சொல்வதை அறிவுரை என்று சொல்ல முடியாது. ஆரன் வைட்மன், எலிசபெத் டன் 2016இல் கண்டது இன்னும் நுட்பமானது: அனுபவங்கள் தரும் மகிழ்ச்சி அந்தந்த நேரத்தில் தீவிரமானது, பொருள்கள் தரும் மகிழ்ச்சி சிறியது, ஆனால் வாரக்கணக்கில் அடிக்கடி தலைகாட்டுகிறது.

என்னைக் கேட்டால் இந்தப் பிரிவினையே பாதி செயற்கையானது. சைக்கிள் பொருளா, அனுபவமா? வீணை? மூலையில் சாத்தி வைத்தால் பொருள். எடுத்து வாசித்தால் அனுபவம். 2013இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு வேறொரு விடை சொன்னது: அனுபவங்களின் மதிப்பில் பெரும்பங்கு, அவற்றை யாரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்பதில் இருக்கிறது. தனியாகப் போன அனுபவத்துக்கும் தனியாக வைத்துக்கொண்ட பொருளுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

விடுமுறைப் பயணத்துக்கு நிறையச் செலவழிக்கிறேன். திரும்பி வந்த மறுவாரமே பழைய சலிப்பு வந்துவிடுகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. நெதர்லாந்தில் சுமார் 1,500 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயணம் போகப்போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்களைவிடப் புறப்படும் முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பிறகு இரு தரப்பினருக்கும் வித்தியாசம் இல்லை. மிக நிதானமான, அலைச்சலே இல்லாத விடுமுறை கழித்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் நீடித்தது. அதாவது டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே பலன் தொடங்கிவிடுகிறது. முன்னதாகவே பதிவு செய்யுங்கள், பணத்தையும் முன்பே கட்டிவிடுங்கள். எதிர்பார்ப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை.

பிறருக்குச் செலவழித்தால் உண்மையிலேயே மகிழ்ச்சி வருமா, அல்லது அது நல்லொழுக்கப் பாடமா?

நானும் பாடம் என்றே நினைத்திருக்கக்கூடும், 2008இல் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் கனடாவில் செய்த சோதனை அவ்வளவு எளிமையாக இல்லாமல் இருந்திருந்தால். காலையில் ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார்கள். உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். மாலை ஐந்து மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். சிலர் தங்களுக்காக, சிலர் பிறருக்காக. சாயங்காலம் விசாரித்தபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை 5ஆ 20ஆ என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. வேறு சிலரிடம் ‘எது அதிக மகிழ்ச்சி தரும்?’ என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, பெரும்பாலோர் 20 டாலரைத் தனக்காகச் செலவழிப்பதையே சொன்னார்கள். எவ்வளவு, யாருக்கு என்ற இரண்டிலுமே ஊகம் தவறியது.

அந்தச் சோதனையில் இருந்தவர்கள் 46 பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2020இல் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து, முறைகளை முன்பே பதிவு செய்துவிட்டு இதே கேள்வியைத் திரும்பச் சோதித்தபோதும் திசை மாறவில்லை. 2013இல் 136 நாடுகளின் தகவலைப் பார்த்தபோது, 120 நாடுகளில் கொடுப்பவர்களே அதிக மகிழ்ச்சி தெரிவித்திருந்தார்கள். ஏழை நாடுகளும் அதில் அடக்கம். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள்கூட, தமக்குக் கிடைத்த தின்பண்டத்தைப் பொம்மைக்குக் கொடுக்கும்போது அதிகம் சிரித்தார்கள் என்கிறது 2012இன் ஓர் ஆய்வு.

நான் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சியும் வரவில்லையே?

கேட்க வேண்டிய கேள்வி. கொடுப்பதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்தது என்று பாருங்கள். 2010இல் நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயன் செய்த ஆய்வில், எவ்வளவு கொடுப்பது என்பதைத் தாமே தீர்மானித்தவர்களுக்குக் கொடுக்கக் கொடுக்க மனம் நிறைந்தது. வேறொருவர் நிர்ணயித்த தொகையைக் கொடுத்தவர்களுக்கு அது நிகழவில்லை. அலுவலகத்தில் பட்டியலை நீட்டி, எல்லோர் முன்னாலும் ‘உங்கள் பங்கு?’ என்று கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது வரி கட்டுவது போன்றது. உறவில் ஒவ்வொரு மாதமும் கேட்கப்படும் பணமும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதிலிருந்து மகிழ்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். கடமைக் கணக்கில் எழுதிவிட்டு, நீங்களாக விரும்பிக் கொடுக்கச் சிறு தொகையாவது தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வது வீண் செலவா?

இல்லை என்றே தோன்றுகிறது. ஆஷ்லி விலன்ஸ் குழுவினர் கனடாவின் வான்கூவர் நகரில் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் தலா 40 டாலர் கொடுத்தார்கள். ஒரு வாரம் நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவது, இன்னொரு வாரம் ஏதாவது பொருளுக்கு. நேரத்தை வாங்கிய நாளின் மாலையில்தான் அவர்கள் நன்றாக இருந்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின் மறுபக்கம் இன்னும் வியப்பானது. ‘எதிர்பாராமல் 40 டாலர் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?’ என்று வேறு 98 பேரைக் கேட்டபோது, நேரத்தை வாங்குவேன் என்றவர்கள் வெறும் 2 சதவீதம். நெதர்லாந்தின் பெரும் பணக்காரர்களில்கூடக் கிட்டத்தட்ட பாதிப் பேர் இதற்கு ஒரு காசும் செலவழிப்பதில்லை.

குற்ற உணர்ச்சிதான் தடை. ‘நானே செய்யக்கூடியதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?’ என்ற குரல், அதிலும் பெண்களின் காதில், பலமாகவே ஒலிக்கிறது. அந்தக் குரல் பெரும்பாலும் அவர்களுடையதாக இருப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவருடையது.

மிச்சமான நேரத்தைக் கூடுதல் அலுவலக வேலைக்கே திருப்பிவிட்டால் எதையும் வாங்கியதாக ஆகாது. மேலும், பிடித்த வேலையை விற்றுவிடாதீர்கள். சமைக்கப் பிடிக்கும் என்றால் பாத்திரம் தேய்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்; சமையலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் இருக்கிறது. இந்த அறிவுரையெல்லாம் எனக்குப் பொருந்துமா?

முதலில் கடன். சிங்கப்பூரில் நெடுநாள் கடனில் தவித்த ஏறக்குறைய 200 ஏழைக் குடும்பங்களின் கடனை ஒரு தொண்டுத் திட்டம் அடைத்தது. அடைந்த பிறகு அவர்களின் பதற்றம் குறைந்தது, சிந்தனை தெளிந்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது இது: ஒரே அளவு தொகை அடைக்கப்பட்டாலும், எத்தனை தனித்தனிக் கடன் கணக்குகள் முற்றாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்தே நிம்மதி கூடியது. ஐந்து இடத்துக் கடன் ஐந்து தேதிகளாக, ஐந்து தொலைபேசி அழைப்புகளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வட்டிக் கணக்குப்படி அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதே லாபம். அதில் மறுப்பில்லை. வட்டி ஏறத்தாழ சமமாக இருந்தால் சிறியதை அடைத்து மூடுங்கள்.

கடன் இல்லாதவர்களுக்கும் இதன் தொடர்ச்சி உண்டு. பிரிட்டனில் 585 வங்கி வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்த்த 2016 ஆய்வில், உடனே எடுக்கக்கூடிய ரொக்கம் கணக்கில் இருந்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள், வருமானம், முதலீடு எல்லாவற்றின் தாக்கத்தையும் கழித்துப் பார்த்த பிறகும். செலவழிக்காத பணமும் ஒன்றை வாங்கித் தருகிறது: ‘வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வேன்?’ என்ற நினைப்பு இல்லாத இரவு.

கிரெடிட் கார்டில் வாங்கும்போது வலிப்பதே இல்லை. அது நல்லதுதானே?

கடைக்காரருக்கு நல்லது. டிராஜன் ப்ரெலெக், டங்கன் சைமஸ்டர் இருவரும் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டு 2001இல் எழுதினார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். அதே டிக்கெட், அதே நாற்காலி.

வாங்கும்போது வராத வலி, பொருளின் புதுமை போன பிறகு தவணையாக வந்து சேர்கிறது. நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்குத் தவணை கட்டுவதை மனம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. துவைக்கும் இயந்திரம் துவைத்துக்கொண்டிருக்கிறது, தவணை போய்க்கொண்டிருக்கிறது. முடிந்துபோன விருந்துக்கு ஒரு வருடம் தவணை கட்டுவதுதான் கசப்பு.

மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்தால் எனக்கும் வாங்கத் தோன்றுகிறது. எப்படித் தப்பிப்பது?

முழுக்கத் தப்ப முடியாது. நெதர்லாந்தில் ஒரு லாட்டரி தெரு வாரியாகப் பரிசு தருகிறது. சீட்டு வாங்காததால் அதில் வெல்லாதவர்கள்கூட, அடுத்த வீட்டுக்காரர் வென்றுவிட்டால் கார் வாங்கும் வாய்ப்பு கூடியதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. 1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹார்வர்டில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டார்கள்: மற்றவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பாதிக்கும் ஊரில் உங்களுக்கு 50,000 வேண்டுமா, மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும் ஊரில் 1,00,000 வேண்டுமா? ஏறத்தாழ பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கேள்வியை விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது, அடுத்தவரைப் பார்த்து முடிவு செய்தவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

இதில்தான் ஒரு வழி தெரிகிறது. ஒப்பீட்டுக்கு எளிதில் ஆளாகும் செலவுகள் உண்டு, ஆளாகாதவையும் உண்டு. கார், கைக்கடிகாரம், விசேஷ வீட்டுப் பந்தல் ஆகியவை முதல் வகை. தூக்கம், நல்ல படுக்கை, ஓய்வு, வீட்டுக்கு அருகில் வேலை ஆகியவை இரண்டாம் வகை. எவரும் எட்டிப் பார்த்துப் பொறாமைப்படுவதில்லை, நமக்கும் காட்டிக்கொள்ளத் தோன்றுவதில்லை.

எனக்குப் பயணமும் பிடிக்காது, கூட்டமும் பிடிக்காது. நான் என்ன செய்வது?

புத்தகம் வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2016இல் பிரிட்டனில் 625 பேரின் 76,000க்கும் மேற்பட்ட வங்கிப் பரிவர்த்தனைகளை அவர்களின் குணத்தோடு ஒப்பிட்ட சாண்ட்ரா மாட்ஸ் குழுவினர், தம் சுபாவத்துக்கு ஒத்துப்போகும் செலவு செய்பவர்களே அதிகத் திருப்தியாக இருப்பதைக் கண்டார்கள். தொடர்ந்து நடத்திய சோதனையில் புத்தகக் கடைக்கான பரிசுச் சீட்டு, மதுக்கூடத்துக்கான பரிசுச் சீட்டு இரண்டில் ஒன்றை, யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் தீர்மானித்துக் கொடுத்தார்கள். ஒதுங்கி இருக்க விரும்புபவர்களுக்குப் புத்தகக் கடைதான் சந்தோஷம் தந்தது.

நான் சிக்கனம், என் வாழ்க்கைத்துணை தாராளம். சண்டை ஓயவில்லை.

நீங்கள் தனியாக இல்லை. செலவழிக்க மனம் வராதவர்களும் கை நிற்காதவர்களும் ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்துத் திருமணம் செய்துகொள்கிறார்கள், பிறகு பணத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதை ஸ்காட் ரிக் குழுவினர் 2011இல் காட்டினார்கள். தன்னிடம் எது பிடிக்கவில்லையோ அதற்கு எதிரானதை இன்னொருவரிடம் பார்த்து மயங்குகிறோம். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 230 இளம் தம்பதியரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023இல் எழுதிய கட்டுரையில், கூட்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களின் உறவு மற்றவர்களைவிட நன்றாக நீடித்தது. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: கூட்டுக் கணக்கோடு, ஏன் என்று கேட்கப்படாத ஒரு சிறு தொகை இருவர் கையிலும் தனித்தனியே.

பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற வசதியோடு வாங்குவது நல்லதா?

அளவு தெரியாத காலணிக்கு நல்லது. மற்றவற்றில் யோசியுங்கள். ஹார்வர்டில் புகைப்படப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள், தாங்கள் எடுத்து இருட்டறையில் அச்சிட்ட இரண்டு படங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். சிலரிடம் ‘இதுவே முடிவு’ என்றார்கள். சிலரிடம் ‘சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்’ என்றார்கள். மாற்ற முடியாதவர்களுக்குத் தம் படம் மிகவும் பிடித்துப்போனது. மாற்ற முடிந்தவர்கள் மனசாரப் பிடித்துக்கொள்ளவில்லை. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் 2002இல் வெளியிட்டது இது.

வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் இப்படி அளந்து பார்க்க வேண்டுமா?

மருந்தையும் கட்டணத்தையும் விட்டுவிடுங்கள். வாடகையை மட்டும் அளந்து பாருங்கள். வீடுதான் பெரும்பாலோரின் மிகப் பெரிய செலவு. அதில்தான் மிக மோசமாக ஏமாறுகிறோம். ஊருக்கு வெளியே ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கிறது என்று போகிறோம். அந்த அறை மூன்றே மாதத்தில் பழகிவிடும். பழைய பெட்டிகள் அதில் குடியேறிவிடும். தினசரிப் பயணம் பழகுவதில்லை, ஏனென்றால் நெரிசல் ஒவ்வொரு நாளும் வேறு விதமாக வருகிறது. அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே இருவரும் ஜெர்மானியத் தரவுகளை ஆராய்ந்து 2008இல் எழுதியது இதுதான்: நெடுந்தூரம் சென்றுவருபவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ பெற்றிருக்க வேண்டும் என்று பொருளியல் எதிர்பார்க்கிறது, ஆனால் அவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருக்கிறது. புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், வேலை நாளன்று காலை எட்டரை மணிக்கு அங்கிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தரகரோடு போய்ப் பார்த்தது கணக்கில் சேராது.